மூன்றாவது உருண்டை

உங்கள் கோப்பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. இந்த அறையில் ஈ இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும் திறந்து கிடக்கிற தேத்தண்ணியைப் பார்த்தால் என் கண் அங்கேயே போகும், பேச்சு ஓடாது. அந்தக் காகிதத்தை எடுத்து மேலே வைத்தால்கூடப் போதும். நல்லது.

என் வாக்குமூலத்தை நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். பெயர் திருநாவுக்கரசு. வயது அறுபத்து மூன்று. போர்டிக்சன் சாலையிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிற செம்பனைத் தோட்டத்தில் மருந்து மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவன். களைக்கும் பூச்சிக்கும் மருந்தடிக்கிற பதினெட்டுப் பெண்களை இருபத்திரண்டு வருஷம் மேய்த்தேன். அத்தனை வருஷத்தில் என் ஆட்களில் ஒருத்திக்குக்கூட விஷம் ஏறியதில்லை. சவுக்காரம் போட்டுக் கை கழுவாமல் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் பாத்திரத்தையே பிடுங்கிவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் சவுக்கார மண்டோர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் மனைவி பஞ்சாலைக்கு என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல ஈயிலிருந்துதான் தொடங்கவேண்டும். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், வேறு வழியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்பு எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு கோழிப்பண்ணை வந்தது. அதற்கு முன்பும் ஈ உண்டு. பலாப்பழம் அறுத்தால் நாலு, மீன் கழுவினால் பத்து. பண்ணை வந்த பிறகு கதையே வேறு. அங்கே கோழிக்கு நாற்பது நாள்தான் ஆயுள். அது முடிந்ததும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மறுநாள் கொட்டகையைத் துப்புரவு செய்து எருவை வெளியில் குவிப்பார்கள். அன்று மத்தியானமே ஈ ஆற்றைத் தாண்டிவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் குடியிருக்கும், அப்புறம் தானாகக் குறையும். புதுக்குஞ்சு வளர்ந்து ஏற்றினால் மறுபடி வரும். நான் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பேன். தீபாவளி முன்னே பின்னே வரும், ஈ அப்படி இல்லை.

செய்யாத வைத்தியம் கிடையாது. சாப்பாட்டுக் கடைகளில் தொங்குகிற மாதிரி பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டித் தொங்கவிட்டேன். மெழுகுவர்த்தி கொளுத்தினேன், பசைத்தாள் விரித்தேன், வேப்பிலை புகை போட்டேன். கடைசியில் ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை அடித்தேன், வாசலுக்கு வலைக்கதவு செய்தேன். பஞ்சாலை எனக்கு மேலே. பழைய பேப்பரைச் சுருட்டிக் கையில் எடுத்தால் குறி தப்பாது. சோறு பரிமாறும்போது ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பேப்பர். ஈ உட்கார்ந்த சோற்றைத் தன் வீட்டில் யாரும் தின்னக்கூடாது என்பாள். அப்படி இருந்தவள்தான்.

புகாரும் எழுதினேன். அதிகாரிகள் வரத்தான் செய்தார்கள். ஆனால் கடிதம் போய் ஆள் வந்து சேர இருபது நாள் ஆகும், அதற்குள் ஈ போய்விடும். வந்தவர்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, ஈத்தொல்லை காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை நான் முன்கூட்டியே எழுதினேன், இன்ன தேதியில் ஈ வரும், அன்றைக்கு வாருங்கள் என்று. என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆளே வரவில்லை.

அதோடு விட்டுவிட்டேன். மனிதன் எதற்கும் பழகிக்கொள்கிறான். வலைக்கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வாழ்ந்தோம். மூன்றாவது ஆள் எங்கள் மகன் முகுந்தன். மூத்தவள் மோகனா கலியாணமாகித் தெமியாங்கில் இருக்கிறாள். முகுந்தன் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். போன வருஷம் மார்ச் மாதம், காலை ஷிப்டுக்குப் போகும்போது, சந்தியில் அவன் மோட்டார் சைக்கிளும் லாரியும் மோதி அங்கேயே போய்விட்டான். இருபத்தேழு வயது.

எட்டாம் நாள் படையல் போட்டோம். சாவு வீட்டில் கதவைச் சாத்திவைக்க முடியாது, ஆட்கள் வந்து போக இடைஞ்சல் என்று வலைக்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் அவன் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தாள் பஞ்சாலை. கோழிப் பொரியல், நெத்திலி சம்பல், கேசரி, பக்கத்தில் ஐஸ் போட்ட மைலோ. படைத்த பிறகு அறையைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்கவேண்டும். போனவன் வந்து சாப்பிடட்டும் என்பது வழக்கம். பத்து நிமிடம் கழித்துத் திறந்தோம். கேசரியின் மேல் ஒரே ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. பெரிய ஈ, பச்சையாகப் பளபளவென்று. அது எழும்பி வந்து பஞ்சாலையின் மணிக்கட்டில் உட்கார்ந்தது. அவள் கையை உதறவில்லை. எட்டு நாளாகத் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காதவள், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு நான் என்னதான் சொல்வது. "அவன்தான், புள்ள. ஒன்னப் பாக்க வந்துட்டான்" என்றேன்.

அன்று அவள் சாப்பிட்டாள். படையல் முடிந்தால் இலையில் உள்ளதையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து உருண்டை பிடிப்பது எங்கள் வழக்கம். முதல் உருண்டை காகத்துக்கு. காகம் எடுத்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் வாயில் வைக்கலாம். ஒரு பருக்கைகூடக் கொட்டக்கூடாது. பஞ்சாலை தன் பங்கை முழுவதும் சாப்பிட்டாள், எனக்கு உயிர் வந்தது. அன்றைய தேதியில் காலண்டரில் சிவப்பு வட்டம் இருந்தது எனக்குத் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சொன்னேன். பெற்றவளுக்கு ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு வாய் வார்த்தை. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த சிவப்பு வட்டத்துக்கு முதல் நாள் வலைக்கதவைத் திரும்ப மாட்டப்போனேன். வேண்டாம் என்றாள். மறுநாள் கத்திரிக்கோலை எடுத்து ஜன்னல் வலைகளையும் அறுத்துவிட்டாள். அவன் வருகிற வழியை அடைக்கக்கூடாதாம். அந்த மத்தியானம் ஈ வந்தது, ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். அவள் அழவில்லை. குளித்து, சேலை மாற்றி, கேசரி கிண்டினாள்.

அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. ஈ இருக்கிற நாளெல்லாம் தினமும் மத்தியானம் படையல். இலை போட்டு, அறையைச் சாத்திவிட்டு, முன்வாசலில் போய் நிற்பாள். திறந்தால் இலை பச்சையாக இருக்காது, கறுப்பாக அசைந்துகொண்டிருக்கும். அவள் கையால் மெதுவாக விலக்கிவிட்டுப் பிசைவாள். தினமும் மூன்று உருண்டை. ஒன்று காகத்துக்கு, ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. நானும் தின்றேன், ஐயா. சவுக்கார மண்டோர் தின்றேன். வேண்டாம் என்று சொன்னால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது.

ஈ இருந்தபோதுகூடப் பரவாயில்லை. போகிறபோதுதான் தாங்கமுடியாது. ஜன்னல் ஓரத்தில் ஒவ்வொன்றாகச் செத்து விழும். அவள் பொறுக்கித் தீப்பெட்டியில் சேர்ப்பாள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் நான் குழி தோண்டவேண்டும். எட்டாம் நாளுக்கு முன்னால் எப்படி அழுதாளோ அப்படியே அழுவாள், தண்ணீர் குடிக்கமாட்டாள், படுத்த பாயை விட்டு எழமாட்டாள். கொஞ்சம் தேறி எழுந்து நடமாடும்போது பண்ணைக்கு லாரி வந்துவிடும். இப்படி ஐந்து தடவை, ஐயா. மற்றவர்கள் பிள்ளையை ஒரு தடவை புதைப்பார்கள். நான் ஐந்து தடவை மண்வெட்டியைப் பிடித்தேன்.

உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். சொன்னால் நம்பமாட்டாள் என்று கையைப் பிடித்து ஆற்றுப்பாலம் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனேன். பண்ணை வேலி ஓரமாக நிறுத்தி, எருக்குவியலைக் காட்டினேன். குவியலின் மேல் ஈ ஒரு கம்பளி விரித்த மாதிரி இருந்தது. இங்கேயிருந்துதான் வருகிறது புள்ள, பார்த்துக்கொள் என்றேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ புள்ளைங்களா செத்துப் போயிருக்காங்க" என்றாள். "அவன் தனியா இல்லிங்க. தொணைக்கு ஆளு இருக்கு."

திரும்பி வரும்போது அவள் நடையில் ஒரு தெம்பு இருந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தையை நானே போய்ப் பிடுங்க முடியவில்லை.

மோகனா சும்மா இருக்கவில்லை. ஒரு வயசுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் வந்தாள். ஒருமுறை குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். பிழைத்ததே பெரிது. அதற்குப் பிறகு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. தாய்மாமன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் குழந்தையைக் கூட்டிவரமாட்டேன் என்கிறாளே என்று பஞ்சாலை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு பஞ்சாலைக்கே வயிற்றோட்டம் வந்தது. மூன்று நாள் வார்டில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே, "அவன் போயிட்டானா?" என்று கேட்டாள். போய்விட்டிருந்தான், அதாவது ஈ போய்விட்டிருந்தது. என்னையும் அப்படியே பேச வைத்துவிட்டாள் பாருங்கள்.

மோகனா என்னை உட்காரவைத்துப் பேசினாள். "அப்பா, இது நம்ம கையில இல்லப்பா. மனசுக்குப் பாக்கற டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போவோம்லா. வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தா அம்மா போயிடுவாங்க" என்றாள். நான்தான் இழுத்தடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அடங்காது. கடைசியில் அவளே சிரம்பானில் தேதி வாங்கிவிட்டாள். வருகிற புதன்கிழமை. ஆமாம், நாளை மறுநாள். இது நடந்தது போன சனிக்கிழமை.

நாலு நாள் பொறுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் ஐயா, அந்த நாலு நாளும் தினமும் மத்தியானம் உண்டு. தினமும் ஓர் உருண்டை உண்டு. நீங்கள் அதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

மருந்து எப்படிக் கிடைத்தது என்பதில் மறைக்க ஒன்றும் இல்லை. பண்ணையில் ஈக்கு வைக்கிற மருந்து. அங்கே வேலை செய்கிற ஓர் ஆளிடம் கேட்டேன், ஒரு டின்னில் கொடுத்தான். அவன்மேல் தப்பில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டின்மேல் தமிழில் விஷம் என்று எழுதி ஒட்டி, அலமாரி உச்சியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். கையுறை இல்லாமல் தொடவில்லை. சமையலறைப் பக்கம் கொண்டுபோகவில்லை. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது.

என் எண்ணம் இதுதான். அந்த ஈ அத்தனையும் ஒரே நேரத்தில், இலையைச் சுற்றி, அவள் கண்ணுக்கு முன்னால் செத்துக் கிடக்கவேண்டும். அதைப் பார்த்தால் அவளுக்குப் புத்தி தெளியும். இது என் பிள்ளை இல்லை, ஈ என்று தெரிந்துவிடும். தலையில் அடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அழுவாள், அதோடு தீரும். இலையைத் தொடமாட்டாள் என்று நினைத்தேன். செத்த ஈ கிடக்கிற சோற்றை யார் தொடுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் படைத்துவிட்டு, அறையைச் சாத்திக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். நான் கொல்லைக் கதவு வழியாக உள்ளே போய்க் கேசரியில் தூவினேன். ஈ முதலில் அதில்தான் உட்காரும். கையுறையைக் கழற்றி, கை கழுவி, அவள் பக்கத்தில் போய் நின்றேன். அன்று அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். முகுந்தன் சின்ன வயதில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திறந்தோம். நான் நினைத்தபடியேதான் கிடந்தது. இலைமேலும் தரையிலும் கறுப்பாக, ஒன்றுகூட அசையவில்லை. அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். நான் அவள் அழுகைக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

அவள் விரலை உதட்டில் வைத்தாள். "சத்தம் போடாதீங்க" என்றாள். "வயிறு நெறஞ்சு தூங்குறான்."

பிறகு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒதுக்கி ஓரமாக வைத்துவிட்டு, சோற்றையும் கேசரியையும் சேர்த்துப் பிசைந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். மார்ச் மாதம் தேவையில்லாமல் வந்த வாய் அன்றைக்கு வரவில்லை. என் உருண்டையை நீட்டினாள், வயிறு சரியில்லை என்று சொன்னேன். அதில் பொய் இல்லை, நிஜமாகவே சரியில்லை. படையல் சோற்றைக் கொட்டக்கூடாதே என்று என்னுடையதையும் அவளே சாப்பிட்டாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் இலையைச் சுருட்டி அப்புறப்படுத்தி, தரையைச் சவுக்காரம் போட்டுத் துடைத்தேன். மருந்து பட்ட இடத்தை முதலில் துடைப்பது எங்கள் வேலையில் பழக்கம். பிறகு அம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்திருந்தாள், சாயங்காலம் போய்விட்டாள். மோகனா வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீங்க சாப்பிடலியாப்பா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உங்களை அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இது தவறிப்போய் நடந்தது, ஐயா. ஈக்கு வைத்ததை அவள் சாப்பிட்டுவிட்டாள். நான் கையாலாகாமல் நின்றேன். என் குற்றம் அதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? உருண்டை மூன்று, அவள் தின்றது இரண்டு, மூன்றாவது எங்கே என்றா.

அது காகத்துடையது. முதலில் பிடிப்பது அதைத்தான், சொன்னேனே. பிடித்து என் கையில் கொடுத்தாள், கொல்லைச் சுவரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று. தினமும் நான்தான் கொண்டுபோய் வைப்பேன். அந்தக் காகம் எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒரு கால் கொஞ்சம் நொண்டி. அன்றைக்கும் உட்கார்ந்திருந்தது. நான் சுவரில் வைக்கவில்லை. முருங்கை மரத்தடியில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, உருண்டையைப் போட்டு மூடி, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன். மருந்து கலந்த எதையும் அப்படித்தான் புதைக்கவேண்டும். என் ஆட்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. நீங்கள் தோண்டிப் பார்க்கலாம், இருக்கும்.

உள்ளே வந்து மூன்று தடவை கை கழுவினேன். பஞ்சாலை தன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காகம் எடுக்காமல் அவள் வாயில் வைக்கமாட்டாள்.

"காக்கா எடுத்துச்சாங்க?" என்று கேட்டாள்.

எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.

அதை எழுதும்போது கொஞ்சம் சரியாக எழுதுங்கள், ஐயா. இருபத்திரண்டு வருஷத்தில் என் கை மருந்தால் ஓர் உயிருக்கும் ஆபத்து வந்ததில்லை. அன்றைக்கும் அந்தக் காகத்துக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டேன்.